சில்லுமூக்கு உடைந்தால் வீட்டிலேயே நிறுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூக்கில் ரத்தம் வழியும் பிள்ளையைப் பள்ளி முதலுதவி அறைக்குக் கூட்டிவருகிறவர்கள் அநேகமாக ஒரே கோலத்தில்தான் வருகிறார்கள். ஒரு கை பிள்ளையின் பிடரியில், இன்னொரு கை நெற்றியில், பிள்ளையின் முகம் விட்டத்தைப் பார்த்தபடி. பின்னாலேயே ஒருவர் தண்ணீர்ச் செம்போடு, மற்றொருவர் பஞ்சோடு. எல்லோரும் ஏதோ ஒன்று செய்துகொண்டிருப்பார்கள். மூக்கை மட்டும் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

மூக்கில் ரத்தம் வருவதில் பத்துக்கு ஒன்பது முன்பக்கத்திலிருந்து வருவதுதான். இரண்டு துவாரங்களையும் பிரிக்கிற நடுச்சுவரின் முன்பகுதியில், சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் பல திசையிலிருந்தும் வந்து பின்னிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதன் மேலே மூடியிருக்கும் சவ்வு மிக மெல்லியது. விரல் எட்டுகிற இடம் என்பதால்தான் அது அடிக்கடி உடைகிறது. அதே காரணத்தால் விரலாலேயே அதை நிறுத்தவும் முடிகிறது.

ஏன் வந்தது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘வெயில்ல ஆடினியா, மாம்பழம் தின்னியா’ என்று விசாரணை நடத்துவதில் நேரம்தான் போகும். முதலில் நிறுத்துங்கள், பிறகு விசாரிக்கலாம்.

1. முன்கூட்டியே ஓரிடத்தில் வைக்க வேண்டியவை

அடிக்கடி மூக்கு உடையும் பிள்ளையோ, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவரோ வீட்டில் இருந்தால் இவற்றை ஒரு டப்பாவில் போட்டு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்: துவைத்த பழைய பருத்தித் துணி இரண்டு மூன்று, கையுறை ஒரு ஜோடி, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு, வாசலின் ஒரு சின்ன டப்பா. வாயில் இறங்கும் ரத்தத்தைத் துப்ப ஒரு கிண்ணம் வேண்டும், அதை அடுப்படியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

துணி வெளிர் நிறமாக இருப்பது நல்லது. சிவப்புத் துண்டிலும் கறுப்புத் துணியிலும் எவ்வளவு ரத்தம் போனது என்று கணக்குத் தெரியாது. இன்னொன்று, ஈரத்துணியில் பட்ட ரத்தம் பரவி, போனதைவிட அதிகமாகத் தெரியும். தரையைத் துடைத்த துணியைப் பார்த்துப் பயந்துபோகிற அம்மாக்கள் அதிகம்.

பெரியவர் என்றால் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். அந்தப் பதற்றத்தில் ‘ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை’ என்பதற்கு மேல் யாருக்கும் ஞாபகம் வராது.

2. ஒரு பார்வையில் முடிவு: வீட்டிலா, வண்டியிலா

மூக்கைப் பிடித்துக்கொண்டே இதைப் பாருங்கள். கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் வீட்டில் நேரம் கடத்தாமல் கிளம்ப வேண்டும்.

தலையிலோ முகத்திலோ பலமாக அடிபட்டு ரத்தம் வருவது. ரத்தத்தோடு தெளிந்த நீர்போல ஏதாவது சொட்டுவது. குழாயைத் திறந்துவிட்டதுபோலக் கொட்டுவது. மூச்சுவிடத் திணறுவது, முகம் வெளுத்து வியர்ப்பது, மயக்கம் வருவது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கு வருவது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வருவது. அந்த வயதில் மூக்கில் ரத்தம் வருவது அபூர்வம், அதனால் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வண்டி வரும்வரைக்கும், வண்டியில் போகும்போதும் மூக்கைப் பிடித்த கை மூக்கிலேயே இருக்கட்டும். ‘ஆஸ்பத்திரிக்குத்தான் போறோமே’ என்று கையை எடுத்துவிடுகிறார்கள். அரை மணி நேரப் பயணத்தில் போகிற ரத்தம் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. மூக்கே வளைந்து உடைந்து போயிருந்தால் மட்டும் அழுத்த வேண்டாம். துணியை மூக்கடியில் பிடித்து, முன்னால் சாய்ந்தபடி கொண்டுபோங்கள்.

3. உட்கார வைத்து, முன்னால் சாய்ப்பது

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாயச் சொல்லுங்கள். முகவாய் நெஞ்சில் இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டியதில்லை. பள்ளி மேசையில் எழுதும்போது எவ்வளவு குனிவோமோ அவ்வளவு போதும்.

படுக்க வைக்கக் கூடாது. நெஞ்சைவிடத் தலை உயரத்தில் இருந்தால் மூக்குக் குழாய்களில் ரத்த அழுத்தம் குறையும். தலையைப் பின்னால் சாய்ப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் வெளியே வருவது நின்றதுபோலத் தெரியும், உண்மையில் ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். ரத்தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சற்று நேரத்தில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வரும். அதைப் பார்த்து வீடே அலறும், வாந்தி எடுக்கும் வேகத்தில் மூக்கு மறுபடியும் உடையும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு.

வாயில் ரத்தம் வந்தால் விழுங்காமல் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். மூச்சு வாய் வழியாக.

சின்னப் பிள்ளை என்றால் மடியில் உட்கார வைத்து, அதன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை மூக்குக்கு. எதிரே நின்று பிடித்தால் பிள்ளை தலையைப் பின்னால் இழுக்கும், உங்கள் பிடி நழுவிக்கொண்டே இருக்கும்.

மயக்கம் வருகிறதென்று யாராவது சொன்னால் உட்கார வைத்தே சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்து, மூக்கைத் தொடர்ந்து பிடியுங்கள். அதற்குள் யாராவது ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.

4. பிடிக்க வேண்டிய இடம்

பத்துப் பேரில் எட்டுப் பேராவது தவறுவது இங்கேதான். மூக்கைப் பிடி என்றால் கண்ணாடி உட்காரும் இடத்தைப் பிடிக்கிறார்கள். அது எலும்பு. எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது.

ஆள்காட்டி விரலை இரு புருவங்களுக்கு நடுவே வைத்து மூக்கின் மேல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். கெட்டியாக இருந்தது ஓரிடத்தில் முடிந்து, அமுங்குகிற மிருதுவான பகுதி தொடங்கும். பிடிக்க வேண்டியது அந்த மிருதுவான பகுதி முழுவதையும். நுனியை மட்டும் கிள்ளினாலும் பலனில்லை. கட்டைவிரலை ஒரு பக்கமும், மடக்கிய ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை மறுபக்கமும் வைத்து, இரண்டு மூக்குச்சிறகுகளும் நடுச்சுவரில் ஒட்டும்படி அழுத்துங்கள்.

ஒரு பக்கம்தானே வருகிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் அழுத்துபவர்கள் உண்டு. அழுத்தம் சுவரில் விழ வேண்டுமானால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் முட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் எப்போதும் இரண்டையும் சேர்த்துத்தான்.

சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. ‘அம்மா’ என்று சொல்லச் சொல்லுங்கள். மூக்கு முழுசாக அடைபட்டிருந்தால் அது ‘அப்பா’ என்பதுபோலத்தான் காதில் விழும். தெளிவாக ‘அம்மா’ என்றே கேட்டால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம், விரலை இடம் மாற்றுங்கள். அழுகிற பிள்ளைகூட இதில் ஒரு நிமிடம் அழுகையை மறந்து சிரித்துவிடும். அழுகை நின்றால் முகத்தில் ஏறிய ரத்த ஓட்டமும் தணியும்.

மூக்குத்தி போட்டவர்களுக்கு ஒரு கவனம். அழுத்தும்போது உள்ளே இருக்கும் திருகாணி நடுச்சுவரில் குத்தும். சட்டென்று கழற்ற வந்தால் கழற்றிவிடுங்கள். வராவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல், குத்தாதபடி விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பிடியுங்கள்.

5. கடிகாரத்தைப் பார்த்துப் பிடிப்பது

குழந்தைகளுக்கு 10 நிமிடம், பெரியவர்களுக்கு 10 முதல் 15 நிமிடம். நடுவில் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கக் கூடாது.

இது கேட்க எளிது. செய்யும்போதுதான் தெரியும் 10 நிமிடம் எவ்வளவு நீளம் என்று. பழக்கமில்லாதவர்கள் ஒரு நிமிடத்தில் ‘நின்னுடுச்சா?’ என்று விரலைத் தளர்த்துவார்கள், சொட்டு எட்டிப் பார்க்கும், மறுபடி பிடிப்பார்கள், மறுபடி பார்ப்பார்கள். இப்படி அரை மணி நேரம் ஓடினாலும் மொத்தத்தில் ஒரு பிடிகூட முழுசாக இருந்திருக்காது. ‘அரை மணி நேரமா நிக்கவே இல்லை’ என்று ஓடிவருபவர்களின் பிள்ளைகளில் பலருக்கு, உட்கார வைத்து ஒரே பிடியாகப் பிடித்ததும் நின்றுவிடுகிறது.

காரணம் இதுதான். உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைப்பாக மாற அசையாத சில நிமிடங்கள் வேண்டும். முதலில் உருவாவது இளகிய ஒரு பூச்சு மட்டுமே. விரலை எடுத்ததும் உள்ளிருந்து வரும் ரத்தம் அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அதனால் மனதுக்குள் எண்ணாதீர்கள், போனில் அலாரம் வையுங்கள். பிள்ளைக்கு அதே போனில் ஏதாவது கார்ட்டூன் ஓடட்டும். போன் அதிகம் கொடுக்கக் கூடாது என்கிற கட்சிதான் நானும், இந்த 10 நிமிடத்துக்கு விதிவிலக்கு. பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் மூக்கைத் தாங்களே பிடித்துக்கொள்ளலாம். விரல் கீழே நழுவுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேறொருவர் கை சும்மா இருந்தால் துணியில் சுற்றி மூக்கின் மேல்புறம் வைக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் நிறுத்துவது ஐஸ் அல்ல, அழுத்தம். தலையில் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்: ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் ஊற்றுகிற நேரத்தில் மூக்கு சும்மா விடப்படுகிறது. வெங்காயத்தை முகர வைப்பதில் தும்மல்தான் மிச்சம். எலுமிச்சைச் சாறு, படிகாரத் தண்ணீர், அருகம்புல் சாறு என்று எதையும் புண்ணான மூக்குக்குள் விடாதீர்கள். எரிச்சல் ஒரு பக்கம். பச்சைச் சாறு வழியாகக் கிருமி போவது இன்னொரு பக்கம்.

பஞ்சைச் சுருட்டி உள்ளே திணிப்பது இன்னொரு பழக்கம். உலர்ந்த பஞ்சு உறைந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது அடைப்பையும் பிய்த்துக்கொண்டு வரும், சில நேரம் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒழுகுவதைத் துடைக்கத் துணி போதும்.

6. நிற்காவிட்டால் இரண்டாவது சுற்று

அலாரம் அடித்ததும் மெதுவாக விரலை எடுத்து, மூக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். ஓரிரு சொட்டுக் கசிவு தானாக அடங்கும். ஓட்டமாகவே வந்தால் இன்னொரு முறை 10 முதல் 15 நிமிடம்.

இந்த இரண்டாவது சுற்றில் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு உபாயம் உண்டு. ஒரே ஒருமுறை மெல்லச் சீந்தி உள்ளே தளர்ந்து கிடக்கும் ரத்தக் கட்டியை வெளியேற்றிவிட்டு, மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தை (ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது ஸைலோமெட்டாசோலின் உள்ளது, நாசிவியான், ஓட்ரிவின் என்று கடையில் கிடைப்பவை) ரத்தம் வரும் பக்கத்தில் இரண்டு முறை விட்டு, உடனே மறுபடி பிடிப்பது. அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும். கட்டியை அகற்றாமல் விட்டால் மருந்து கட்டியில்தான் படும், குழாயில் படாது.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம். குழந்தைகளுக்கும் அப்படியே. மற்றவர்களும் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் மருந்தாலேயே மூக்கடைப்பு வரும்.

இரண்டு சுற்றும் முழுசாகப் பிடித்தும் ஓடினால், அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகியும் நிற்காவிட்டால், மூன்றாவது சுற்று வீட்டில் வேண்டாம். முன்னால் சாய்ந்து சரியாகப் பிடித்திருக்கும்போதும் தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னாலும் கிளம்புங்கள். அது மூக்கின் பின்பகுதியில் உள்ள பெரிய குழாயாக இருக்கலாம். வயதானவர்களுக்கு வரும் இந்த வகை விரலுக்கு எட்டாது.

7. நின்றபின் முதல் நாளும் அடுத்த வாரமும்

ரத்தம் நின்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மூக்கைச் சீந்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது. உள்ளே ஏதோ அடைத்திருப்பதுபோல இருக்கும். அடைத்திருப்பதுதான் உங்கள் வைத்தியம், அதை விட்டுவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் சீந்தக் கூடாது, நோண்டக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அன்றைக்குக் கொதிக்கக் கொதிக்கக் காப்பி, ரசம், வெந்நீர்க் குளியல் வேண்டாம். சூடு மூக்குக் குழாய்களை விரியச் செய்யும். ஆறிய பால், மோர்ச்சாதம் என்று ஒரு நாள் ஓட்டலாம். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஓடியாடுவது, கழிப்பறையில் முக்குவது, இவையெல்லாம் தலைக்கு அழுத்தத்தை ஏற்றும். இரவில் ஒரு தலையணை கூடுதலாக வைத்துப் படுக்கலாம். மது, மூக்குப்பொடி, புகை மூன்றும் விலக்கு.

மறுநாளிலிருந்து பராமரிப்பு. மூக்குக்குள் உப்புநீர்ச் சொட்டு பகலில் சில முறை. வாசலினைச் சுண்டுவிரல் நுனியில் பட்டாணிக்கும் குறைவாக எடுத்து, மூக்கு வாசலின் உள்ளோரத்தில் தடவி, வெளியிலிருந்து மூக்கை மெல்ல அமுக்கிவிட்டால் அது தானாக உள்ளே பரவும். காலையும் மாலையும் ஒன்றிரண்டு வாரம். விரலையோ குச்சிப்பஞ்சையோ உள்ளே விட்டு நடுச்சுவரில் தேய்ப்பது, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கீறுகிற வேலை. அதிகமாக அப்பிக்கொண்டு உடனே படுக்கவும் வேண்டாம்.

உப்புநீரை வீட்டில் கலப்பதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேரடியாக மூக்குக்குள் விடாதீர்கள்.

8. இப்போது காரணத்தைத் தேடலாம்

‘உடம்பு சூடு’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோடையில் காற்று காய்ந்திருக்கும், மூக்கின் உள்சவ்வு வறண்டு பொருக்குத் தட்டும், பொருக்கு உரியும்போது அடியில் உள்ள குழாய் திறக்கும். ஆனால் அதற்காக நுங்கும் இளநீரும் கொடுத்துவிட்டு மூக்கை வறண்டபடியே விட்டால் அடுத்த வாரம் மறுபடி வரும். வறட்சிக்கு மருந்து மூக்கில் போட வேண்டியது: மேலே சொன்ன சொட்டும் வாசலினும். இரவு முழுக்க ஏசியில் தூங்குபவர்களுக்கும் இதே கதைதான், மே மாதம் என்றில்லை, வருடம் முழுவதும்.

பிள்ளைகளிடம் முதல் குற்றவாளி விரல். கேட்டால் ‘நான் நோண்டவே இல்லை’ என்பார்கள். நகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கத்தில் நோண்டுகிற பிள்ளைகளும் உண்டு, காலையில் தலையணை உறையில் கறை தெரியும். திட்டுவதைவிட நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் வாசலின் தடவுவது வேலை செய்யும். பொருக்கு இல்லாவிட்டால் நோண்டுகிற ஆசையும் குறைந்துபோகும்.

சளி, அலர்ஜி, சைனஸ் தொந்தரவு வந்தால் சவ்வு வீங்கி ரத்த ஓட்டம் கூடும். அதோடு பலமாகச் சீந்துவதும் சேர்ந்துகொள்ளும். அலர்ஜிக்கு எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ஒரு காரணம், பெரும்பாலும் அடிக்கிற கோணம் தப்பாக இருப்பதால். நேராக நடுச்சுவரில் அடித்தால் அந்த இடம் மெலிந்து உடையும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரேயின் வாய் தானாகவே காதுப் பக்கம் திரும்பிவிடும். சளிக்குத் தைலத்தையும் கற்பூர எண்ணெயையும் மூக்குக்குள்ளேயே தடவுகிறவர்கள் அந்த எரிச்சலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூக்கில் ஏதாவது சிக்கியிருப்பது சின்னப் பிள்ளைகளிடம் எளிதில் தவறிப்போகிற காரணம். புளியங்கொட்டை, மணி, சாக்பீஸ் துண்டு, மெத்தைப் பஞ்சு. ஒரே பக்கத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்து, அதில் ரத்தம் கலந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஹேர்பின்னால் எடுக்க முயன்றால் இன்னும் உள்ளேதான் போகும். பொம்மையிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அது உள்ளே சுவரையே அரித்துவிடும். மலைப்பக்கத்து ஓடையில் குளித்துவிட்டு வந்தபின் ஒரு பக்கம் விட்டுவிட்டு ரத்தம் வந்து, உள்ளே ஏதோ நெளிவதுபோல இருந்தால் அட்டையாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

அடிபட்டது. பந்து பட்டு வந்த ரத்தம் பெரும்பாலும் சீக்கிரம் நின்றுவிடும். நின்ற பிறகுதான் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சில மணி நேரத்திலோ மறுநாளோ இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வலி கூடினால், நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கு உள்வாங்கிவிடும். ‘நேத்தே நின்னுடுச்சே’ என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது.

காய்ச்சலோடு வருவது தனி வகை. டெங்குக் காலத்தில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழை மாதங்களில், காய்ச்சல் அடித்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் அது எச்சரிக்கைக் குறி. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியடையும் நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. விரலால் ரத்தத்தை நிறுத்திவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் கூடாது. அவை ரத்தக் கசிவை இன்னும் கூட்டும்.

பெரியவர்களிடம் முதலில் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். இதய நோய்க்குத் தரும் எக்கோஸ்ப்ரின் (ஆஸ்பிரின்), குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். 15 நிமிடத்தையும் முழுசாகப் பிடியுங்கள். பயந்துபோய் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

‘பிரஷர் ஏறி மூக்கு உடைஞ்சுடுச்சு’ என்பது அடிக்கடி கேட்கிற வாக்கியம். ரத்தம் ஓடும்போது அளந்தால் யாருக்கும் பிரஷர் ஏறித்தான் இருக்கும், பயத்தில் ஏறும். மூக்கை உடைப்பது பிரஷர்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. உடைந்ததை நிற்கவிடாமல் செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. எல்லாம் அடங்கி ஓரிரு நாள் கழித்து அமைதியாக உட்கார்ந்து அளந்து பாருங்கள். அப்போதும் அதிகமாக இருந்தால் அதற்கு மருத்துவம் வேண்டும்.

கர்ப்பக் காலத்தில் மூக்குச் சவ்வு வீங்குவதால் லேசாக ரத்தம் வருவது சகஜம். தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம் சேர்ந்து வந்தால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கொஞ்சம் அரிதான ஆனால் தள்ளிப்போடக் கூடாத சில. விடலைப் பருவத்துப் பையனுக்கு ஒரே பக்கம் மூக்கடைப்பும் அடிக்கடி பலமான ரத்தப்போக்கும் இருந்தால் மூக்கின் பின்னால் ரத்தக் குழாய்க் கட்டி இருக்கலாம். நடுவயதைத் தாண்டியவருக்கு ஒரே பக்கம் அடைப்பு, கன்னத்தில் மரத்துப்போதல், கழுத்தில் கட்டி என்றால் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். உடம்பில் காரணமில்லாத கன்றல் நிறம், ஈறில் ரத்தம், மாதவிடாயில் அதிகப்போக்கு, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இதே தொந்தரவு, இவற்றில் ஏதாவது மூக்கு ரத்தத்தோடு சேர்ந்தால் ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

இவை எதுவும் இல்லாமலேயே வாரம் ஒருமுறைக்கு மேல் வந்துகொண்டிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் மாதக்கணக்கில் போனால் ரத்தசோகை வரும்.

9. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

போகப் பயப்படுபவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மரத்துப்போகும் மருந்து போட்டு, விளக்கு வைத்து எந்த இடம் என்று பார்ப்பார்கள். முன்பக்கத்தில் தெரிந்தால் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டு அந்த இடத்தைப் பொசுக்கி அடைப்பார்கள். சில நொடி வேலை, லேசாக எரியும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பொசுக்கினால் நடுச்சுவரில் ஓட்டை விழக்கூடும் என்பதால் பொதுவாக ஒரு பக்கம் மட்டும்தான் செய்வார்கள். மறுபக்கத்துக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் அலைக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

இடம் தெரியாவிட்டாலோ ஓட்டம் அதிகமாக இருந்தாலோ மூக்குக்குள் ‘பேக்’, அதாவது உள்ளிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் அடைப்பு, வைப்பார்கள். ஒன்று முதல் மூன்று நாள்வரை இருக்கும். தலை கனத்து, கண்ணில் நீர் வழிந்து, சாப்பாட்டில் ருசியே தெரியாது. எரிச்சல் தாங்காமல் இரவில் வீட்டிலேயே பிடித்து இழுத்துவிட்டு மறுபடி ரத்தம் கொட்ட வந்து நிற்பவர்கள் உண்டு. எடுக்கச் சொன்ன தேதிக்கு வைத்தவரிடமே போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் காய்ச்சல் அடித்தாலோ, பேக்கை மீறித் தொண்டையில் ரத்தம் இறங்கினாலோ, தேதி வரை காத்திருக்காமல் உடனே திரும்பிப் போங்கள்.